டிடிஏ1541ஏ உள்ள பழைய சிடி பிளேயர்: முதலில் எதில் கை வைப்பது?

வட்டுச்சுழல்

80களின் கடைசியில் வந்த பிளேயர். உள்ளே டிடிஏ1541ஏ டாக் சிப் (டிஜிட்டல் எண்களை அனலாக் மின்னோட்டமாக்குவது), எஸ்ஏஏ7220 டிஜிட்டல் ஃபில்டர், எஸ்ஏஏ7210 டிகோடர் (வட்டிலிருந்து வரும் தரவைப் பிரித்தெடுப்பது), சிடிஎம்-4 லேசர். அனலாக் பக்கம் இரண்டு என்இ5532 ஓப்-ஆம்ப் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் சிப்). செய்ய நினைப்பவை: ஓப்-ஆம்ப் மாற்றம், புது கிளாக் (சிப்களுக்குத் தாளம் கொடுக்கும் துடிப்புச் சுற்று), வெளியீட்டு கெபாசிட்டரை எடுத்துவிடுவது, 7220ஐத் தாண்டி டிகோடரிலிருந்து நேரே டாக்குக்குப் போவது. இப்போதைய நிலை: சில வட்டுகளில் கடைசிப் பாடல்கள் தாண்டுகின்றன, பாட்டு நின்றதும் மெல்லிய உறுமல் கேட்கிறது. எந்த வரிசையில் போகலாம்?

பழுதுபெட்டி

அந்த நான்கையும் தள்ளி வையுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறையும் பழுதுகள். பழுது இருக்கும் மெஷினில் மாற்றம் செய்தால் எது எதனால் வந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

உறுமலுக்கு முதல் சந்தேகம் மின்வழங்கியின் ஃபில்டர் கெபாசிட்டர்கள். 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். கெபாசிட்டர் உலர்ந்துபோனால் சராசரி 9 வோல்ட் காட்டினாலும் அலையின் பள்ளம் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அந்த நொடித் துணுக்கில் ரெகுலேட்டர் கைவிட்டுவிடுகிறது, உறுமல் நேராக 5 வோல்ட் தடத்தில் ஏறுகிறது. மல்டிமீட்டரில் டிசி அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆசிலோஸ்கோப்பை ரெகுலேட்டரின் உள்முனையில் வைத்துப் பள்ளத்தைப் பாருங்கள்.

மாற்றும்போது அதே கொள்ளளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகம். முதன்மை ஃபில்டரை வேண்டுமானால் இரண்டு மடங்காக்கலாம். பத்து மடங்கு போட்டால் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டயோடுகளில் பாயும் மின்னோட்டம் எகிறும். இன்னொரு பொறி: கெபாசிட்டரின் உடம்பில் பட்டை போட்டிருப்பது மைனஸ் பக்கம், ஆனால் பல பழைய போர்டுகளில் அச்சிட்டிருப்பது பிளஸ் பக்கம். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு நினைவை நம்பிப் போட்டால் ஒன்றாவது தலைகீழாகும்.

தாண்டுவதற்கு: சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. கடைசிப் பாடல்கள் வெளிவிளிம்பில் இருக்கின்றன, வட்டின் தள்ளாட்டமும் அங்கேதான் அதிகம். லென்ஸை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால், எடை கொடுக்காமல் துடையுங்கள். அது மெல்லிய கம்பிச் சட்டத்தில் தொங்குவது. பிறகு வட்டு மோட்டாரின் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்மானம் என்று கொள்ளுங்கள். சிடிஎம்-4 ஊசலாடும் கை வகை, பல்சக்கரமோ தண்டவாளமோ கிடையாது, அதனால் கிரீஸ் வைக்க இடமே இல்லை. லேசர் பவர் பிரீசெட்டை (லேசரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை) தொடாதீர்கள். ஏற்றினால் கொஞ்ச நாள் நன்றாகப் படிக்கும், டயோடின் ஆயுள் போய்விடும்.

ஈயக்கோல்

பழுதுபெட்டி சொன்ன வரிசை சரி. ஆனால் பழுது நீக்கியதோடு நிறுத்தினால் இந்த சிப்பின் பாதித் திறமைதான் வெளியே வரும். டிடிஏ1541ஏக்கு மூன்று மின்வழங்கி வேண்டும்: +5, −5, −15. பல பிளேயர்களில் அந்த +5 தடத்தையே 7220ம் 7210ம் பகிர்ந்துகொள்கின்றன. 7220 ஏகப்பட்ட மின்னோட்டம் இழுத்துச் சூடாகும் சிப், அதன் டிஜிட்டல் குப்பை முழுவதும் டாக்கின் காலடியில் விழுகிறது. டாக்குக்கு மட்டும் தனி ரெகுலேட்டர் கொடுப்பதுதான் செய்ய வேண்டிய முதல் மாற்றம்.

+5க்கு எல்எம்317, ரெசிஸ்டர்களால் வோல்ட்டேஜை அமைக்கும் ரெகுலேட்டர். வெளிமுனைக்கும் அட்ஜஸ்ட் முனைக்கும் இடையே 240 ஓம், அட்ஜஸ்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு 680உம் 39உம் தொடராக. 1.25 × (1 + 719/240), அதாவது 5 வோல்ட். −5க்கு அதன் மைனஸ் ஜோடியான எல்எம்337, அதே ரெசிஸ்டர்கள். −15க்கு இன்னொரு எல்எம்337, 240 ஓமும் 2.4 கிலோ ஓம் + 220 ஓமும். அட்ஜஸ்ட் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபேரட் வைத்தால் எல்எம்317இன் ரிப்பிள் (மின்வழங்கியில் மிஞ்சும் அலை) ஒடுக்கம் சுமார் 65 டெசிபெல்லிலிருந்து 80 டெசிபெல்லுக்கு ஏறும். அந்த கெபாசிட்டர் வைத்தால் பாதுகாப்பு டயோடும் கட்டாயம், 1என்4002 போதும்.

கால் வரிசையில்தான் பெரும்பாலும் சிப் புகைகிறது. 7805க்கு உள், கிரவுண்ட், வெளி. எல்எம்317க்கு அட்ஜஸ்ட், வெளி, உள். எல்எம்337க்கு அட்ஜஸ்ட், உள், வெளி. மூன்றும் மூன்று விதம். உலோக முதுகும் அப்படியே: 317இல் அது வெளிமுனை, 337இல் உள்முனை. மைக்கா தகடு இல்லாமல் இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் முறுக்கினால் ஷார்ட்.

இது முடிந்ததும் ஓப்-ஆம்ப். எல்எம்4562 அல்லது ஓபிஏ2134. வித்தியாசம் தெளிவாகக் கேட்கும்.

அலைமானி

மின்வழங்கியைப் பிரிப்பதை எதிர்க்கவில்லை. கடைசி வரியை எதிர்க்கிறேன்.

டிடிஏ1541ஏயின் தரவுத்தாளில் முழு அளவில் விலகலும் (அலை வடிவத்தின் சிதைவு) இரைச்சலும் சேர்ந்து சுமார் −95 டெசிபெல். நல்ல நிலையில் உள்ள என்இ5532 இந்த இடத்தில் சேர்க்கும் விலகல் அதற்குக் கீழே. சங்கிலியில் பலவீனமான கண்ணி டாக், அதற்குப் பின்னால் இருக்கும் உறுதியான கண்ணியை இன்னும் உறுதியாக்கி என்ன பயன்?

கேட்கிறது என்று சொல்லும் பலருக்கு உண்மையிலேயே கேட்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. என்இ5532இன் அலைவரிசை 10 மெகாஹெர்ட்ஸ், எல்எம்4562இன் அலைவரிசை 55. பழைய போர்டில் ஓப்-ஆம்ப்பின் டீகப்ளிங் கெபாசிட்டர் (மின்வழங்கிக் காலில் வோல்ட்டேஜை நிலையாக வைப்பது) ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 5532 அதைப் பொறுத்துக்கொள்ளும். வேகமான சிப் பொறுக்காது, பத்து இருபது மெகாஹெர்ட்ஸில் தானாக அலையத் தொடங்கும். அடையாளங்கள்: சிப் தொட முடியாத அளவு சுடும், வெளியீட்டில் டிசி நகர்ந்திருக்கும், அமைதியான இடங்களில் மெல்லிய சீறல் வரும். அந்தச் சீறலைத்தான் “காற்று நிறைந்த ஒலி” என்று பாராட்டிவிடுகிறார்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 10 மடங்கு புரோபை வைத்து, கிரவுண்ட் கிளிப்பைக் குட்டையாக வைத்துப் பார்க்காமல் இந்த மாற்றம் வெற்றி என்று யாரும் சொல்லக் கூடாது.

ஈயக்கோல்

அலைவு பற்றிச் சொன்னது முழுக்க உண்மை, அதனால்தான் சாக்கெட்டில் சொருகிவிட்டுப் போவதை நானும் ஏற்பதில்லை. 8 பின் டூயல் ஓப்-ஆம்ப்பில் 4க்கும் 8க்கும் நேர் குறுக்கே, போர்டின் அடிப்பக்கத்திலேயே, 100 நானோஃபேரட் எக்ஸ்7ஆர் செராமிக் ஒன்றை சால்டர் செய்யுங்கள். கால் நீளம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் ஒவ்வொரு தடத்திலிருந்தும் கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபேரட்.

ஆனால் உங்கள் −95 கணக்கு 1 கிலோஹெர்ட்ஸ் நிலையான ஒலிக்கானது. டாக்கிலிருந்து வருவது வழுவழுப்பான அலை இல்லை, படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் சட்டென்று தாவுகிறது. ஓப்-ஆம்ப் அந்த நேரத்தில் பின்தங்கினால் மைனஸ் உள்முனை பூஜ்யத்தில் நிற்காது. டிடிஏ1541ஏயின் வெளிமுனை ±25 மில்லிவோல்ட்டுக்கு மேல் அசைவதை விரும்பாத சிப். வேகமான ஓப்-ஆம்ப்புக்கு அங்கே நியாயமான வேலை இருக்கிறது.

அலைமானி

படிக்கட்டு வாதம் நியாயமானது. அதனால்தான் பின்னூட்ட ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு கெபாசிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, தாவலின் கூர்மையை அதுவே வாங்கிக்கொள்கிறது. மிச்சம் இருப்பதை அளந்து காட்ட முடியும்: 19உம் 20உம் கிலோஹெர்ட்ஸ் இரட்டை ஒலியைச் சோதனை வட்டில் எழுதி ஓட்டி, 24 பிட் ஒலியட்டையில் பதிவு செய்து, 1 கிலோஹெர்ட்ஸில் எழும் வேறுபாட்டு ஒலியைப் பாருங்கள். மாற்றத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். குறைந்திருந்தால் நானே முதலில் ஒப்புக்கொள்வேன். காதால் ஒப்பிடுவதானால் அளவு 0.1 டெசிபெல்லுக்குள் பொருந்தியிருக்க வேண்டும், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது.

பழுதுபெட்டி

இந்த வாதத்துக்கு இடையே ஒரு விஷயம் விட்டுப்போகிறது: பழைய சிப்பை எடுக்கும் விதம். அங்கேதான் அதிகமான போர்டுகள் செத்துப்போகின்றன.

பழைய ஒற்றைப் பக்க போர்டில் செம்பு ஒட்டியிருக்கும் பசை தளர்ந்திருக்கும். 5532ஐ முழுதாகக் காப்பாற்ற எட்டுக் கால்களையும் ஒன்றாகச் சூடாக்கி நெம்பினால் தடம் உரிந்துகொண்டு வரும். சிப்பைத் தியாகம் செய்யுங்கள். நுனி தட்டையான கட்டரால் எட்டுக் கால்களையும் உடம்பை ஒட்டி வெட்டி, உடலை எடுத்துவிடுங்கள். இப்போது எட்டுத் தனிக் கம்பிகள் நிற்கும். 340 டிகிரியில் ஒவ்வொன்றையும் கீழிருந்து சூடாக்கி, மேலிருந்து இடுக்கியால் இழுத்தால் வெண்ணெயிலிருந்து முடி வருவதுபோல் வரும். மூன்று வினாடிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். வரவில்லையா, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, ஆறவிட்டு, மறுபடி. பிறகு துளையைச் சுத்தம் செய்து உருட்டுப் பின் சாக்கெட் வையுங்கள்.

என்இ5534 மாதிரி சிங்கிள் ஓப்-ஆம்ப் உள்ள பிளேயராக இருந்தால் கால் வரிசையே வேறு: வெளியீடு 6, பிளஸ் 7, மைனஸ் 4. 5க்கும் 8க்கும் இடையே 22 பிக்கோஃபேரட் இருக்கும், அது 5534க்கான நிலைப்படுத்தல். வேறு சிப் வைத்தால் அந்தப் பின்களுக்கு வேறு வேலை, அதைக் கழற்றிவிடுங்கள்.

நாஸ்வழி

ஓப்-ஆம்ப்பில் இத்தனை நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒலியை மாற்றுவது 7220தான். அதைத் தாண்டி டிகோடரின் மூன்று ஐ2எஸ் (டிஜிட்டல் ஒலித் தரவு) கம்பிகளை நேராக டாக்குக்குக் கொடுங்கள், ஓவர்சாம்பிளிங் (மாதிரிகளுக்கு இடையே புது மாதிரிகளைக் கணக்கிட்டுச் சேர்க்கும் 7220இன் வேலை) இல்லாமல் கேளுங்கள். டிஜிட்டல் ஃபில்டரால் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் வரும் நடுக்கம் போய்விடும். ஓப்-ஆம்ப்பையும் தூக்கிவிட்டு வெறும் 100 ஓம் ரெசிஸ்டரில் மின்னோட்டத்தை வோல்ட்டேஜ் ஆக்கலாம். தாளவாத்தியத்தில் அந்த நேரடித் தன்மையை வேறு எந்த மாற்றமும் தராது.

அலைமானி

இதில் எனக்கு அடிப்படையிலேயே உடன்பாடில்லை, கணக்கு இதோ.

44.1 கிலோஹெர்ட்ஸில் படிக்கட்டாகவே விட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 0.75 டெசிபெல்லும் 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபெல்லும் சரியும். நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் அந்த 20 கிலோஹெர்ட்ஸ் சரிவு 0.2 டெசிபெல்கூட இல்லை. “இதமான ஒலி” என்று கேட்பதில் பெரும்பங்கு இந்தச் சரிவு.

அடுத்தது பிம்பங்கள், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸைச் சுற்றித் தோன்றும் ஒலியின் நகல்கள். 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று இருந்தால் 29.1 கிலோஹெர்ட்ஸில் அதன் பிம்பம் நிற்கும், அதுவும் 6 டெசிபெல்கூடக் குறையாமல். காதுக்குக் கேட்காது, ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கும் ட்வீட்டருக்கும் போகிறது. அங்கே நேர்கோட்டுத்தன்மை கொஞ்சம் குறைந்தாலும் இரண்டும் கலந்து கேட்கும் எல்லைக்குள் புதிய ஒலிகள் பிறக்கும். பிளேயரில் இருக்கும் அனலாக் ஃபில்டர் 176.4 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பிம்பங்களுக்காக அமைத்தது, 29ஐ அது தடுக்காது.

100 ஓம் ரெசிஸ்டர்: சிப்பின் முழு வீச்சு 4 மில்லியாம்பியர், நடுவிலிருந்து ±2. 100 ஓமில் அது ±200 மில்லிவோல்ட். ஈயக்கோல் சொன்ன 25 மில்லிவோல்ட் எல்லையைப் போல எட்டு மடங்கு. எல்லைக்குள் நிற்க 12.5 ஓம்தான் வைக்க முடியும், அப்போது கிடைப்பது 18 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ்கூட இல்லை. வழக்கமான 2 வோல்ட்டுக்குக் கொண்டுவர 41 டெசிபெல் பெருக்கம் வேண்டும். ஓப்-ஆம்ப்பைத் தவிர்க்கப் போய் அதைவிட அதிகம் பெருக்கும் ஒரு கட்டத்தை உள்ளே கொண்டுவருகிறீர்கள்.

நாஸ்வழி

ரெசிஸ்டர் கணக்கை ஏற்கிறேன், 100 ஓம் அதிகம்தான். சரிவையும் மறுக்கவில்லை, அனலாக் கட்டத்தில் ஈடுகட்டலாம். ஆனால் பிம்பங்களால் கேட்கும் அளவு கெடுதல் வருவது ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தது. மெதுவான, பின்னூட்டம் அதிகமுள்ள ஆம்ப்ளிஃபயரில் நீங்கள் சொல்வது நடக்கும், நல்ல அலைவரிசை உள்ளதில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடுக்கத்துக்கும் பிம்பத்துக்கும் இடையே எதைச் சகிப்பது என்பது கேட்பவரின் தேர்வு. அந்தத் தேர்வைச் செய்ய ஒரு ஸ்விட்ச் வைத்தால் போதும், யாரையும் நம்ப வேண்டியதில்லை.

ஈயக்கோல்

ஸ்விட்ச் யோசனை நல்லது, ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் வட்டுச்சுழல் நண்பர் மாட்டிக்கொள்வார். இந்த அமைப்பில் 11.2896 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 7220இல் தொங்குகிறது, டிகோடருக்குக் கிளாக் கொடுப்பதே 7220தான். அதைப் பிடுங்கினால் டிகோடர் மூச்சு விடாது, வட்டையே படிக்காது. டிஜிட்டல் வெளியீடும் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே 7220 இடத்திலேயே இருக்கட்டும், டாக்குக்குப் போகும் மூன்று கம்பிகளை மட்டும் மாற்றுங்கள். பல பிளேயர்களில் டிஎம்ப்ஃபசிஸ் ரிலேயும் (பதிவில் ஏற்றிய உச்ச ஒலியைத் திரும்ப இறக்குவது) ஒலியை அடக்கும் மியூட்டும் தனி, அவற்றைத் தொட வேண்டாம்.

கிளாக் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். புது கிளாக் போர்டு வைத்தால் கிரிஸ்டலோடு அதன் இரு சிறிய லோடு கெபாசிட்டர்களையும் எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அவை கிளாக்கின் விளிம்பை மழுங்கடிக்கும். சிப்பின் கிரிஸ்டல் உள்முனைக்கு 100 நானோஃபேரட் வழியாக, புறப்படும் இடத்தில் 47 ஓம் தொடராக வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குள். கிரவுண்ட் கம்பி சிப்பின் கிரவுண்ட் காலிலேயே முடிய வேண்டும். பின்பேனலில் ஒட்டிவிட்டு இருபது சென்டிமீட்டர் கம்பி இழுத்தால் பழைய கிரிஸ்டலைவிட மோசமாகும்.

அலைமானி

கிளாக்குக்கும் கணக்கு உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ் முழு அளவு ஒலியில் ஜிட்டரின் (கிளாக் துடிப்பின் நேரத் தள்ளாட்டம்) இரைச்சல் 16 பிட்டின் 98 டெசிபெல் தளத்தைத் தொட, சுமார் 100 பிக்கோவினாடி ஜிட்டர் வேண்டும். ஆரோக்கியமான சாதாரண கிரிஸ்டல் ஆசிலேட்டர் அதைவிட நன்றாகவே இருக்கும். கெடுப்பது கிரிஸ்டல் இல்லை, அதைச் சுமக்கும் 7220இன் அழுக்கு மின்வழங்கி. 7220இன் 5 வோல்ட் காலில் ஒரு ஃபெரைட் மணி, அதற்குப் பின் 100 நானோஃபேரட்டும் 100 மைக்ரோஃபேரட்டும் வைத்தாலே கிளாக் மாற்றத்தின் பெரும்பயன் வந்துவிடும். ஈயக்கோல் முதலில் சொன்ன தனி மின்வழங்கியை நான் ஆதரிப்பதும் இதே காரணத்தால்தான்.

வட்டுச்சுழல்

வெளியீட்டு கெபாசிட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கலாமா? டாக்கைச் சுற்றி 14 சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன, அவற்றையும் மாற்ற வேண்டுமா?

பழுதுபெட்டி

எடுக்காதீர்கள். டிடிஏ1541ஏ அமைதியிலும் சுமார் 2 மில்லியாம்பியர் இழுக்கும். ஈடுகட்டும் சுற்று இல்லையென்றால் 1.5 கிலோ ஓம் பின்னூட்டத்தில் அது 3 வோல்ட் டிசி. நேரடி இணைப்பில் அத்தனையும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஓப்-ஆம்ப்பின் வெளிக்காலில் முதலில் அளந்து பாருங்கள். மாற்ற வேண்டுமானால் ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். 4.7 மைக்ரோஃபேரட் 47 கிலோ ஓம் சுமையில் 0.7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 10 கிலோ ஓம் சுமையில் 3.4 ஹெர்ட்ஸ். இரண்டுமே போதும்.

அந்த 14 கெபாசிட்டர்கள் 7 முதல் 13 வரையிலும் 18 முதல் 24 வரையிலும் உள்ள கால்களுக்கானவை, ஒவ்வொன்றும் 100 நானோஃபேரட். சிப்புக்குள் பிட்டுகளின் மின்னோட்டத்தைச் சமன்படுத்தும் சுற்றுக்கு உரியவை. ஃபிலிம் வகையாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மாற்றுவதானால் கால்களைக் குட்டையாக வைத்து, கிரவுண்டை 5ஆம் காலின் அனலாக் கிரவுண்டிலேயே சேருங்கள். விரல் அளவு பெரிய கெபாசிட்டர்களை நீளக் கம்பியில் தொங்கவிடுவது பின்னடைவு.

ஈயக்கோல்

மின்வழங்கிப் போர்டு தயாரானதும் டாக்கை உடனே சொருகாதீர்கள். இந்த சிப் இப்போது தயாரிப்பில் இல்லை, கிரீடக் குறி (தேர்ந்தெடுத்த உயர்தரச் சிப்பின் அடையாளம்) அச்சிட்ட போலிகள் புழங்குகின்றன, போனால் நல்லது கிடைப்பது கடினம். காலி சாக்கெட்டில் 28ஆம் காலில் +5, 26இல் −5, 15இல் −15 வருகிறதா என்று 14ஆம் கால் கிரவுண்டை வைத்து அளந்த பிறகு, மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர்கள் வடிந்ததும் சொருகுங்கள்.

அலைமானி

அந்த அளவீட்டைச் சுமை வைத்து எடுங்கள். எல்எம்317, 337க்குக் குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும், 240 ஓம் வழியாக ஓடுவது 5 மில்லியாம்பியர்தான். சுமை இல்லாமல் சில சிப்கள் வோல்ட்டேஜைத் தூக்கிக் காட்டும், அதைப் பார்த்து ரெசிஸ்டரை மாற்றினால் உண்மையான சுமையில் கீழே போய்விடும். ±5 தடங்களுக்கு 150 ஓம் கால் வாட், −15க்கு 560 ஓம் 1 வாட். டாக் இழுக்கும் அளவுக்கு ஏறக்குறைய அதுதான். பத்து நிமிடம் ஓடவிட்டு, ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்து, மறுபடி அளங்கள். −15 ரெகுலேட்டரின் உள்முனையில் பள்ளம் 18 வோல்ட்டுக்குக் கீழே போனால் டிரான்ஸ்ஃபார்மர் பத்தவில்லை, அந்தத் தடத்தைப் பழைய ரெகுலேட்டரிலேயே விட்டுவிடுங்கள்.